மதினி தேர்ந்தெடுத்த ஊர்

காக்கிமா என்று நாங்கள் கூப்பிடுகிற கீழ்வீட்டு வங்காளிச் சித்தி கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்த களிமண் கோபாலன் உள்ளங்கையில் அடங்கிவிடுவான். தவழ்கிற கோலம். ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையில் வெண்ணெய் உருண்டையைப் பிடித்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டதுபோல் தலையைத் தூக்கிப் பார்ப்பான். தொடையில் விழுகிற மடிப்பைக்கூடச் செய்தவன் விட்டுவைக்கவில்லை. "கிருஷ்ணநகருக்கே போய்ட்டு வாங்க, தெரு முழுக்க இதேதான் செய்யுறாங்க, பார்க்கப் பார்க்க ஆசையா இருக்கும்" என்று காக்கிமா வங்காளத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தை உருவம் வீட்டில் இருந்தால் குழந்தை வரும் என்பது அவள் நம்பிக்கை. நல்லெண்ணத்தில்தான் கொண்டுவந்தாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். என் மதினி அந்தப் பொம்மையைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம், "அழகா இருக்குட்டி. அவங்ககிட்டயே குடுத்துரு. அந்த ஊரு வேண்டாம்" என்றாள். நாங்கள் போகலாம் என்று யோசித்த ஊர்களில் முதலில் அடிபட்டுப்போனது கிருஷ்ணநகர்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் அண்ணன் மனைவியை மதினி என்போம்; அவள் என்னைச் செல்லமாக 'ட்டி' போட்டுக் கூப்பிடுவாள். கொல்கத்தா கார்டன் ரீச்சில், ரயில்வே குவார்ட்டர்ஸில், அண்ணனும் மதினியும் தங்கை நானும் இருந்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்று அம்மாவோடு பாளையங்கோட்டைக்குப் போய்விட, கல்லூரி முடிகிறவரை என்னை அண்ணன் பொறுப்பில் விட்டிருந்தார்கள். அண்ணனுக்கு ரயில்வே தலைமை அலுவலகத்தில் வேலை. நாங்கள் இருவரும் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். வங்காளத்தில் சண்டை போடுவோம், வங்காளத்தில் கணக்குக் கூட்டுவோம், தமிழில் பேச ஆரம்பித்தால் பாதியில் வார்த்தை கிடைக்காமல் முழிப்போம். மதினி மட்டும்தான் அம்பாசமுத்திரத்துப் பக்கத்திலிருந்து முழுத் தமிழோடு வந்து இறங்கியவள். வந்த புதிதில் அவள் பேசுவதைக் கேட்கவே எனக்குப் பிடிக்கும். அக்கம்பக்கத்தார் அவளை 'பௌதி' என்று கூப்பிடுவார்கள். அதற்கும் அண்ணி என்றுதான் பொருள். "ஊருக்கே மதினியாக்கிட்டீங்களே" என்று சிரிப்பாள்.

அதெல்லாம் குழந்தைக்கு முந்தைய சிரிப்பு. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். அண்ணன் வேண்டாம் என்றான். இங்கே கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது, அவ்வளவு தூரம் ரயிலில் போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். வளைகாப்பு முடிந்ததும் மதினியின் அண்ணன் வந்து அழைத்துக்கொண்டு போனார். அவளும் ஆசையாகத்தான் போனாள். எந்தப் பெண்தான் போக மாட்டாள்? ஆண் குழந்தை பிறந்தது. காய்ச்சல் கண்டது. தந்தி கிடைத்து அண்ணன் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளையின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. மதினி திரும்பி வந்தபோது ஹவுராவுக்குப் போய் அழைத்து வந்தான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினான், அவளிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கம் ஆறட்டும் என்று நானும் பேசாமல் இருந்தேன். துக்கம் ஆறியது. அலுவலகத்துக்குப் போனான், தெருமுனை கிளப்பில் உட்கார்ந்து கால்பந்து பற்றிக் கத்தினான், காக்கிமா மீன்காரனோடு போடும் சண்டையை அவளைப்போலவே நடித்துக் காட்டி என்னைச் சிரிக்க வைத்தான். மதினி அறைக்குள் வந்தால் வாயில் கொழுக்கட்டை அடைத்துக்கொள்ளும்.

திட்டினாலாவது தேவலை. அடித்திருந்தால்கூட ஊரைக் கூட்டியிருப்பேன். இவன் எதுவும் செய்யவில்லை. சம்பளத்தை அலமாரியில் அவள் எடுக்கிற இடத்தில் வைப்பான். அவள் சமைத்ததைச் சாப்பிடுவான். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் என்னிடம் சொல்வான். "சாயங்காலம் வர நேரமாகும்னு சொல்லு." மதினி இரண்டடி தள்ளி முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டு நிற்பாள். நான் திரும்பி, "சாயங்காலம் நேரமாகுமாம் மதினி" என்பேன். "கேட்டுச்சுட்டி" என்பாள் அவள். பரீட்சை நேரத்தில் நான் படித்துக்கொண்டிருந்தால், பேச ஆள் இல்லாமல் அவன் தெருவில் போய் நின்றுவிடுவான். கல்லுளிமங்கன். என் அண்ணன்தான், ஆனாலும் கல்லுளிமங்கன்.

கார்த்திகை முடிவில் ஒருநாள் துணி காயப்போடும்போது மதினி என்னிடம் சொன்னாள். "தை மாசம் எங்க அண்ணன் வாரான். என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுதான். நானும் யோசிச்சுப் பாத்துட்டேன். அதுக்கு முன்னாடி எங்கயாவது வெளியூருக்கு ஒரு ரெண்டு நாளு போவோம். அங்க வச்சு உங்க அண்ணன் என்கிட்ட ஒரே ஒரு வார்த்தை பேசட்டும். ஏசினாலும் சரிதான். பேசிட்டா இருந்துருவேன். இல்லன்னா போயிருவேன்." அழவில்லை. ஈரச் சேலையின் இரண்டு முனையையும் பிடித்து உதறிக்கொண்டே சொன்னாள். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் பேச்சுத் துணைக்கு எனக்கு யார் இருக்கிறார்கள் என்று முதலில் என்னைப் பற்றித்தான் யோசித்தேன்.

வெளியூர் என்று வாயைத் திறந்தால் போதும், கொல்கத்தாவில் யோசனை சொல்ல ஆள் பஞ்சமே கிடையாது. வங்காளிக்குக் கால் அரிப்பு பிறவிக் குணம். மார்கழிக் குளிர் லேசாகத் தொட்டதுமே குரங்குக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஃபிளாஸ்க்கும் ஜீரண மாத்திரையுமாகக் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுவார்கள். கிருஷ்ணநகர் அடிபட்டதும் காக்கிமா நவத்வீபத்தைக் கொண்டுவந்தாள். கங்கைக்கரை, மடங்கள், காலையிலிருந்து இரவுவரை கீர்த்தனை. மதினி நான் மொழிபெயர்த்ததைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பொழுதுக்கும் அவங்களே பாடிட்டுக் கெடந்தா உங்க அண்ணன் எப்பம் பேசுவாவ?" என்றாள். அதுவும் போயிற்று. நான் சாந்திநிகேதனுக்காக வாதாடினேன். கல்லூரியில் எல்லோரும் போய்வந்து பீற்றிக்கொண்டிருந்த ஊர். மார்கழியில் அங்கே மேளா, பாட்டுக்காரர்கள், தோல்பை, பாத்திக் துணி. மேளா என்றதும் மதினி தலையை ஆட்டினாள். "கூட்டத்துல பேசாம இருக்கது ரொம்ப லேசுட்டி. ஆளு அரவம் இல்லாம அமைதியா ஒரு ஊரு சொல்லு. வாயத் தொறந்தே ஆகணும், அப்படி ஒரு ஊரு."

அண்ணன் பையிலிருந்த ரயில்வே கால அட்டவணையைப் புரட்டி ஊர்ப் பெயர்களை நான் வாசித்தபோது பிஷ்ணுபூர் வந்தது. மதினி நிமிர்ந்தாள். வங்காளி வாயில் 'வ' நுழையாது என்பது அவளுக்குத் தெரியும். விமலா பிமலா ஆவாள், வசந்தி பொஷொந்தி ஆவாள். "அப்பம் விஷ்ணுபூருன்னு சொல்லு. பெருமாள் ஊரு" என்றாள். காக்கிமாவைக் கேட்டோம். சந்துக்குச் சந்து கோயில், அத்தனையும் பழைய ராஜாக்கள் கட்டியது என்றாள். அத்தோடு முடிவாகிவிட்டது. கோயில் என்றால் உள்ளே சாமி இருக்குமா என்று ஒரு திருநெல்வேலிக்காரி யாரிடம் போய்க் கேட்பாள்? அதைவிட அவளுக்கு மனதில் ஒரு கணக்கு ஓடியது. அடுப்படியில் வைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "சந்நிதில அர்ச்சனைத் தட்டை நீட்டினா ஐயரு என்ன கேப்பாரு? பேரு நட்சத்திரம் கேப்பாருல்லா? கூட நிக்க ஆம்பளதான சொல்லணும். என் பேரைச் சொல்லித்தான ஆகணும்." சொல்லும்போதே அவள் முகம் கொஞ்சம் சிவந்தது. கல்யாணமான புதிதில்கூட அப்படி நான் பார்த்ததில்லை.

நான் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். மாட்டேன் என்பான் என்றுதான் நினைத்தேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "பிஷ்ணுபூர் நம்ம லைன்தான். பாஸ் போட்டுடறேன்" என்றான். மதினி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சாயங்காலமே பையைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். தேங்காய், வெற்றிலை பாக்கு, சூடம், பூத் தொடுத்து வைக்க வாழை நார், சின்ன வெண்கல விளக்கு, ஒரு புட்டி நல்லெண்ணெய். வங்காளத்துக் கோயிலில் எது கிடைக்கும் எது கிடைக்காது என்று யார் கண்டது என்றாள். அவள் மாற்றுச் சேலை ஒன்றுதான் எடுத்து வைத்தாள். மீதி இடமெல்லாம் சாமிக்கு.

ரயிலில் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். எதிரில் இருந்த வங்காளிக் குடும்பத்தோடு கரக்பூர் வருவதற்குள் சிநேகமாகிவிட்டான். அவர்கள் கொடுத்த ஆரஞ்சை உரித்து எனக்குப் பாதி கொடுத்தான். "அவளுக்கும் குடு" என்றான். மதினி வாங்கிச் சுளை சுளையாகத் தின்றாள். அவள் நல்ல மனநிலையில் இருந்தாள். வயலைப் பார்த்தாள், செம்மண்ணைப் பார்த்து எங்க ஊர்ப் பக்கம் தேரிக்காடு மாதிரியே இருக்கு என்றாள், என்னிடம்தான் சொன்னாள் என்றாலும் அவனுக்கும் கேட்கும்படி சொன்னாள். மத்தியானத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்து, லாட்ஜில் குளித்து, சைக்கிள் ரிக்ஷா பிடித்து முதல் கோயிலுக்குப் போனோம். ஊருக்கு வெளியே, புல்வெளிக்கு நடுவில், கூரை வேய்ந்த இரட்டை வீடுபோல் ஒரு செங்கல் கோயில். சுவர் முழுக்கச் சுட்ட மண்ணில் சிற்பம். படகு, மான் வேட்டை, போருக்குப் போகிறவர்கள், கிருஷ்ணன். நான் பராக்குப் பார்த்துக்கொண்டே பின்பக்கச் சுவருக்குப் போய்விட்டேன். அந்தச் சுவரில் தவழ்கிறவன் யாரும் இல்லை என்று எனக்கு ஒரு நிம்மதி.

சுற்றிவிட்டு முன்பக்கம் வந்தால் மதினி படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தேங்காய்த் தட்டு மடியில். முகமெல்லாம் சிரிப்பு. "உங்க அண்ணன் நெய் வாங்கப் போயிருக்காவ" என்றாள். என்ன நெய் என்றேன். நடந்ததைச் சொன்னாள். வாசலில் உட்கார்ந்திருந்த காவல்காரரிடம் அவள் விளக்கையும் எண்ணெய்ப் புட்டியையும் காட்டி, ஏற்றலாமா என்று கையாலேயே கேட்டிருக்கிறாள். அவர் எண்ணெயைப் பார்த்துக் கையை ஆட்டியிருக்கிறார். "டாகுர் நெய், டாகுர் நெய்" என்றாராம். டாகுர் என்றால் சாமி, அது மதினிக்குத் தெரியும். எண்ணெய் ஆகாது, சாமிக்கு நெய் விளக்குத்தான் என்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற அண்ணனைப் பார்க்காமல், பொதுவாக, "சாமிக்கு நெய் வேணுமாம்" என்றாளாம். அவன் காவல்காரரை ஒரு தரம் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு விறுவிறுவென்று ஊரைப் பார்த்து நடந்துவிட்டான். "நான் சொன்னதும் போயிட்டாவட்டி. யாருகிட்டயும் கேக்கல. நான் சொன்னேன், உடனே போயிட்டாவ."

வங்காளத்தில் 'நெய்' என்றால் 'இல்லை' என்று பொருள். கடையில் வெண்டைக்காய் கேட்டு 'நெய்' என்று பதில் வந்தால் மதினிக்கும் புரியும், வந்த புதிதில் ஏமாந்து பிறகு பழகிவிட்டாள். ஆனால் கையில் விளக்கை வைத்துக்கொண்டு கோயில் வாசலில் நிற்கிறவளுக்கு அந்தச் சொல் வேறெப்படிக் காதில் விழும்? காவல்காரர் சொன்னது, உள்ளே சாமி இல்லை என்று. அந்தக் காலத்திலேயே சிலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், இப்போது வெறும் கட்டடம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே இரண்டு பேருமே இல்லை. நான் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது குரங்குக் குல்லாய் போட்ட ஒரு குடும்பம் வந்தது. அதில் வயதான அம்மாள் ஒருத்தி இருட்டு வாசலைப் பார்த்துக் கைகூப்பினாள். காவல்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "டாகுர் நெய், மாஷிமா" என்றார். அந்த அம்மாள் "ஓ" என்றாள். கூப்பிய கையைப் பிரித்துச் சால்வைக்குள் விட்டுக்கொண்டு, சிற்பத்தைப் பார்க்கப் போய்விட்டாள்.

மதினி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தட்டைப் படியில் வைத்துவிட்டு எழுந்து போய் வாசலில் தலையை நீட்டி உள்ளே பார்த்தாள். வௌவால் நாற்றம், வெறும் மேடை. திரும்பி வந்து பழையபடி உட்கார்ந்தாள். "சாமி இல்லைன்னுதான் சொன்னாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். புல்வெளியைப் பார்த்துக்கொண்டே, "உங்க அண்ணனுக்கு பெங்காலி நல்லா தெரியும்லா?" என்றாள். "பக்கத்துலதான் நின்னாவ. அவரு சொன்னது காதுல விழுந்துச்சு. 'சாமி இல்ல'ன்னு ஒரு வார்த்தை. அதச் சொல்லுததுக்குப் பதிலா இந்த வெயில்ல கடைக்கு நடந்துரலாம்னு போயிட்டாவ." அவள் குரல் உயரவில்லை. கணக்கு சரியாக வந்ததா என்று பார்க்கிறவள்போல் மெதுவாகச் சொன்னாள். ஊருக்குள் பூஜை நடக்கிற கோயில் ஒன்று இருக்கிறதாம், அங்கே போவோம் என்று நான் காவல்காரரிடம் கேட்டுவந்து சொன்னேன். "வேண்டாம்ட்டி" என்றாள்.

அண்ணன் திரும்பி வர வெகு நேரமாயிற்று. தூரத்தில் புல்வெளியில் அவன் வருவது தெரிந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நல்ல நெய்யாகத் தேடி வாங்கியிருந்தான், மூடி இறுக்கிய கண்ணாடிப் புட்டி. தீப்பெட்டியும் வாங்கியிருந்தான். என் கையில் கொடுத்து, "குடு" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதை அவன் தலையிலேயே ஊற்றியிருப்பேன். மதினி கை நீட்டி என்னிடமிருந்து வாங்கி, பையில் வைத்துக்கொண்டாள். மீதிக் கோயில்களை எல்லாம் பார்த்தோம். டிக்கெட் வாங்கியாயிற்றே. எந்த ஊரில் தின்றதைவிடவும் நல்ல ஈச்சவெல்லச் சந்தேஷ் இனிப்பு அங்கே தின்றோம். மறுநாள் கிளம்பிவிட்டோம். அந்த நெய்யை மதினி தை பிறக்கும்வரை அண்ணன் சோற்றில்தான் விட்டாள். புட்டி காலியானதும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அவள் அண்ணன் வந்தார். ஹவுராவில் பெட்டியை ஏற்றி, சீட்டுக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டியது என் அண்ணன்தான். மைத்துனரிடம், பாத்துப் போங்க, ராத்திரி ஜன்னலைச் சாத்திக்கோங்க என்று அக்கறையாகச் சொன்னான். ரயில் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றிருந்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் பாலத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வருஷங்கள் போய்விட்டன. எனக்குக் கல்யாணமாகி இதே கொல்கத்தாவில், பெஹாலாவில் இருக்கிறேன். அண்ணன் குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு என் வீட்டுக்கு வருவான். மதினி அம்பாசமுத்திரத்தில் அவள் அண்ணன் வீட்டில், அவர் பிள்ளைகளுக்குச் சோறு வடித்துப் போட்டுக்கொண்டு இருக்கிறாள். வேறு கல்யாணம் என்று யாரும் பேச்செடுக்கவில்லை, தாலி கழுத்திலேயே கிடக்கிறது. கைப்பேசி வந்த பிறகு அடிக்கடி பேசுகிறேன். அண்ணன் பக்கத்தில் இருந்தால் எழுந்து போக மாட்டான், செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வான். தரட்டுமா என்று முன்பெல்லாம் இரண்டு பேரையும் கேட்டுப் பார்த்தேன். இப்போது கேட்பதில்லை.

இந்த மார்கழியில் அலுவலகத் தோழிகளோடு சாந்திநிகேதன் போய்விட்டு வந்தேன். மேளாவுக்கு முந்தைய வாரம், ஊரே காலியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதினியிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சோபாவில் அண்ணன். "அன்னைக்கே என் பேச்சைக் கேட்டு அங்க போயிருக்கலாம் மதினி. செம்மண் ரோடு, ரெண்டு பக்கமும் சால மரம், ஆள் நடமாட்டமே இல்ல. அந்த ஊருக்குப் போயிருந்தா ஒருவேளை..." என்று இழுத்தேன். மதினி சிரித்தாள். பழைய சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்புதான்.

"எந்த ஊருக்குப் போயிருந்தா என்னட்டி? உங்க அண்ணனும் கூடத்தான வந்திருப்பாவ."

செய்தித்தாள் கீழே இறங்கியது. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கேட்காதவன், "என்ன சொல்லுதா?" என்று என்னைக் கேட்டான்.

"நீ சாப்பிட்டியான்னு கேக்காங்க" என்றேன்.

"சாப்பிட்டேன்னு சொல்லு" என்றான்.